ஓடாத எஞ்சினுக்கு எதற்குக் கண்ணாடிப் பெட்டி?

பொம்மை ரயில் எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கிறவனுக்கு இரண்டு பக்கமும் இடி. "தூக்கிப் போடுங்க சார், ஆன்லைன்ல புதுசு கிடைக்குது" என்பது ஒரு கூட்டம். "ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீங்க, ஒரிஜினல் போயிடும்" என்பது இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தை விட்டுவிடுகிறேன். இரண்டாவது கூட்டம் படித்தவர்கள், பழைய பொருள் மேல் பிரியம் உள்ளவர்கள். என் சண்டை அவர்களோடுதான்.

என் மேஜையில் இருப்பது, மச்சினர் பல வருஷங்களுக்கு முன் லண்டனிலிருந்து கொண்டுவந்த நீராவி எஞ்சின் மாடல். நிஜ எஞ்சினில் 76-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளம் வழியாகச் சக்கரத்துக்கு வந்து, அங்கிருந்து மோட்டாருக்குப் போகும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பரணில் வருஷக்கணக்கில் கிடந்ததால் ஓடவில்லை. பிரித்துப் பார்த்தால் கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. நம் வீட்டு மிக்சியில் தேயுமே, அதன் குட்டித் தம்பிதான் இது. கம்யூட்டேட்டரைத் துடைத்து, பிரஷ் மாற்றி, பல்சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் ஓடியது. இதுவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆனால் தண்டவாளம் பிரியும் பாயிண்டில் வந்ததும் நின்றுவிடும். அந்த இடத்தில் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. இந்த மாடலில் மின்சாரம் எடுப்பதோ எஞ்சினின் சில சக்கரங்கள் மட்டும். பின்னால் வரும் நிலக்கரி வண்டி, அதாவது டெண்டர், சும்மா உருண்டுகொண்டு வரும். அதன் சக்கரங்களிலும் மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை உரசவிட்டு, ஒயர் இழுத்து ஈயம் வைத்தேன். இப்போது முன் சக்கரத்துக்கு மின்சாரம் அறுந்தாலும் பின் சக்கரம் கொடுக்கிறது. பாயிண்டில் ஊர்ந்துகூடப் போகிறது. சூடேறிக்கொண்டிருந்த முகப்பு பல்புக்குப் பதில் ஒரு எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் வைத்தேன்.

இதைப் பார்த்த ஒரு சென்னை நண்பர், "கெடுத்துவிட்டீர்களே!" என்று தலையில் கை வைத்தார். தொழிற்சாலை செய்யாததை நாம் செய்யக் கூடாதாம்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய பொருள் ஒரு சாட்சி. கண்டபடி மாற்றினால் சாட்சி கலைந்துபோகும். அதற்குத்தான் கழற்றிய பல்பையும் பிரஷ்ஷையும் தீப்பெட்டியில் போட்டு, என்ன செய்தேன் என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமோ அவர்கள் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். இதற்கு மேல் என்ன மரியாதை செய்வது?

என்னுடையது பொம்மை. நிஜ எஞ்சினுக்கு வருவோம். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டது இ.ஐ.ஆர். 21. ஓய்வு கொடுத்தபின் நூறு வருஷத்துக்கும் மேல் காட்சிப் பொருளாக நின்றது. இதைவிட அபூர்வமான எஞ்சின் எது? அதைத்தான் 2010-ல் நம் பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் பழுது பார்த்து மறுபடி நீராவியில் ஓட்டிக் காட்டினார்கள். "தொடாதே" என்றிருந்தால் இன்னும் நூறு வருஷம் நின்றிருக்கும்.

நீலகிரி ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்தண்டவாளத்தில் ஏறும் அந்த எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையில் பிறந்தவை. நிலக்கரி தின்றவற்றை எண்ணெய்க்கு மாற்றினார்கள். பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புது நீராவி எஞ்சின்கள் செய்தார்கள். 2005-ல் யுனெஸ்கோ கொடுத்த பாரம்பரியப் பட்டம் இதனால் பறிபோய்விட்டதா என்ன?

திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். அதனால் அது தேர் இல்லை என்று எந்தப் பக்தராவது வடத்தைக் கீழே போட்டாரா? நம் பிள்ளையார்பாளையத்துக்கே வாருங்கள். 'அடை' கட்டி டிசைன் எடுத்த தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி ஏறியது. கோர்வையைக் கைதான் போடுகிறது. புடவை காஞ்சிபுரம் புடவைதான்.

அப்படியானால் எதையும் மாற்றலாமா? கூடாது. எல்லை உண்டு. 2023-ல் குஜராத்தில் ஏக்தா நகர் போகும் பாரம்பரிய ரயில் என்று ஒன்றை விட்டார்கள். பார்வைக்கு நீராவி எஞ்சின், ஓடுவது மின்சாரத்தில். கொதிகலனும் இல்லை, நீராவியும் இல்லை. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பொருள் தன் வேலையைத் தானே நன்றாகச் செய்ய உதவினால் அது மேம்பாடு. அந்த வேலையை வேறொன்று செய்ய, இது வெறும் முகமூடியாக நின்றால் அது வேஷம். வேஷத்துக்குக் கைதட்டிவிட்டு, என் டெண்டரில் இரண்டு கம்பி வைத்ததற்கு முகம் சுளிப்பது என்ன நியாயம்?

இதில் போவது பொம்மை மட்டுமென்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். போவது கைவேலை. நம் நாட்டுப் பாதைகளில் அன்றாட நீராவி ஓட்டம் 1990-களோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் இப்போது நம் வயதுக்காரர்கள். செங்கல்பட்டு–அரக்கோணம் மீட்டர்கேஜ் பாதையில் புகை விட்டுக்கொண்டு போன வண்டியை நினைவிருப்பவர்களே குறைந்துவருகிறார்கள். எஞ்சினைத் திறந்தால்தான் அடுத்தவன் உள்ளே எட்டிப் பார்ப்பான், கேள்வி கேட்பான், கற்றுக்கொள்வான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஒருவனும் ஒரு நட்டு முடுக்கக் கற்றதில்லை. பேரன் என் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ் மாற்றக் கற்றது, நான் எஞ்சினைத் "தொட்டதால்"தான்.

ஆகவே பெரியோர்களே, உங்கள் பரணிலும் ஒரு பழைய ரயில், தையல் மிஷின், வால்வு ரேடியோ ஏதாவது இருக்கும். இறக்குங்கள். முதலில் போட்டோ எடுங்கள், பிறகு பிரியுங்கள். ரேடியோவானால் விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஷாக் அடிக்கும். கழற்றியதைத் தூக்கிப் போடாமல் சீட்டு எழுதி வையுங்கள். "ஒரிஜினல் போயிடுமே" என்று யாராவது வந்தால், அது கடைசியாக எப்போது ஓடியது என்று மட்டும் கேளுங்கள்.