தனுஷ்கோடியில் செல்ஃபி, நொச்சிக்குப்பத்தில் மூக்கைப் பொத்தல்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ராமேசுவரம் போகாத குடும்பங்கள் குறைவு. பாம்பன் தீவுக்குப் போனால் தீர்த்தமாடிவிட்டு, அப்படியே தனுஷ்கோடிக்கும் ஒரு நடை. இடிந்த தேவாலயத்தின் முன்னால் ஒரு படம், அரிச்சல்முனையில் இன்னொரு படம். குடிசை வாசலில் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் மீனவர் ஒருவர் படத்துக்குள் வந்துவிட்டால் இன்னும் நல்லது. ‘எளிமையான வாழ்க்கை’ என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போடலாம். ஊர் திரும்பியதும் அதே கண்கள் பட்டினப்பாக்கம் லூப் சாலையில் மீன் கூடையைப் பார்க்கின்றன. கார்க் கண்ணாடி மேலே ஏறுகிறது. “இவங்கள எப்பதான் இங்கேர்ந்து கிளப்புவாங்களோ” என்ற பேச்சு வருகிறது.

அங்கேயும் அதே தொழில்தான், அதே மீன்தான், அதே வாடைதான். பிறகு ஏன் தீவில் இருப்பவர் அழகு, நொச்சிக்குப்பத்தில் இருப்பவர் இடைஞ்சல்? தனுஷ்கோடி மீனவர் நம்மோடு நிலத்தைப் பங்கு கேட்பதில்லை. நொச்சிக்குப்பத்து மீனவர் கேட்காமலே பங்காளி. சென்னையின் விலையுயர்ந்த கடற்கரை நிலத்தில், அந்த விலை வருவதற்கு முன்பிருந்தே அவர் இருக்கிறார். அதுதான் உறுத்துகிறது.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் புயல் அந்தச் சின்ன ஊரை அழித்தது. வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயிலும் துறைமுகமும் போயின. மீனவர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள், கடல் அங்கேதானே இருக்கிறது! 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது, சுற்றுலா வண்டிகள் குவிந்தன. ஆனாலும் அந்த இடத்தை நாம் ‘பேய் நகரம்’ என்றுதான் அழைக்கிறோம். மனிதர்கள் உயிரோடு வாழும் ஊரைப் பேய் நகரம் என்று சொல்ல ஒரு சமூகத்துக்கு எத்தனை பழக்கம் வேண்டும்!

அந்தப் பழக்கத்துக்குச் சென்னையில் நீண்ட வரலாறு உண்டு. 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று எம்.ஜி.ஆர். அரசு கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றக் கிளம்பியது. எதிர்த்து நின்ற மீனவர்கள் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. 2004 சுனாமிக்குப் பிறகு, பாதுகாப்பு என்ற பெயரில் கடற்கரை மக்களில் பலர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். விடியற்காலையில் கரைக்கு வரும் மீனை எடுத்து விற்கும் ஒரு பெண் அங்கிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்து வருவார்? 2017 ஜனவரி 23 அன்று மெரினாவிலிருந்து விரட்டப்பட்ட மாணவர்களுக்குக் குப்பத்து மக்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். அன்றே நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. தீ வைத்தது போலீஸ்தான் என்றார்கள் மக்கள். அன்று ஓடி ஒளிந்து உயிர் தப்பிய தலைமுறை நாம்தான். மறந்துவிடக் கூடாது.

2023 ஏப்ரலில் லூப் சாலை நெரிசலை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி வண்டிகள் வந்து கடைகளை அள்ளின. மீனவர்கள் சாலையில் இறங்கி மறித்தார்கள். அன்று தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி கேட்ட சொல் ‘ஆக்கிரமிப்பு’. படகு ஏற்றி, வலை காயவைத்து, மீன் விற்ற மணலின் மேல்தான் அந்தச் சாலையே போடப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஆக்கிரமித்தது யார், கூடையா, காரா?

2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நொச்சிக்குப்பம் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கூரை கிடைத்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மீன் விற்கும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியைவிட, கார் தடையில்லாமல் போக என்ன வேண்டும் என்ற கேள்விதான் அங்கே முதலில் எழுந்தது. வரிசை மாறினால் திட்டமும் மாறும்.

வாடைக்கு வருவோம். மயிலாப்பூரில் நான் வாடகைக்கு வீடு தேடியபோது எத்தனையோ வாசலில் கேட்டது ஒரே கேள்வி: “நீங்க வெஜ்ஜா?” யாரும் சாதியைக் கேட்கவில்லை, கேட்கத் தேவையே இருக்கவில்லை. சாதியை நேரடியாகச் சொல்லக் கூச்சப்படும் நகரம் அதற்கு உணவு, சுத்தம், வாடை என்று புதுப்பெயர்கள் வைத்திருக்கிறது. “மீன் நாற்றம்” என்ற புகாரும் அந்த அகராதியில் உள்ள சொல்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் வறுத்த மீனின் மணம் நாக்கில் எச்சில் ஊற வைக்கிறது. அதே மீனைப் பக்கத்து ஊரூர் குப்பத்தில் வெயிலில் காயவைத்தால் புகார் எழுகிறது.

இன்னொன்றையும் பேசாமல் விட்டால் நாம் சாதி ஒழிப்பு பேசுவதில் பொருளில்லை. குப்பங்கள் சாதியற்ற தீவுகள் அல்ல. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் பெரும்பாலும் ஆண்களின் பஞ்சாயத்துகள். மீன் விற்கும் பெண்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. சுனாமி நிவாரணத்தின்போது நாகப்பட்டினம் பகுதியில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது அப்போதே பதிவாகியிருக்கிறது. கரையில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களுக்குச் சொந்தமாகப் படகில்லை. ஆகவே இழப்பும் இல்லை என்று கணக்கு எழுதப்பட்டது. ஒடுக்கப்படுபவர் தன்னைவிடக் கீழே ஒருவரைத் தேடுவதுதான் சாதியின் சூத்திரம். மீனவர் நில உரிமைக்காக நிற்கும்போதே அந்த உரிமைக்குள் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடம் எங்கே என்று நாம் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடும் ஒற்றுமை, புல்டோசர் வரும் நாளில் நிற்காது.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீனவ கிராமங்களையும், அவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் போடவும் சொன்னது. வலை காயும் மணலையும் மீன் விற்கும் இடத்தையும் காகிதத்தில் ஏற்றாவிட்டால், அடுத்து வரும் எந்தத் திட்டத்துக்கும் அது ‘காலி இடம்’. காலி இடம் என்று சொல்லித்தான் இந்த நாட்டில் எல்லா ஊர்களும் பறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரைபடத்தைக் கேட்டுப் பெறுவதும், குப்பத்து மக்களோடு உட்கார்ந்து அதில் விடுபட்டதைக் குறிப்பதும் படித்த இளைஞர்களால் முடிகிற வேலை.

அடுத்த முறை உங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மீன் கடைகளை அகற்றக் கோரும் மனு சுற்றுக்கு வரும்போது மௌனமாக இருக்காதீர்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அங்கேயே எழுதுங்கள். ஏன் என்றும் எழுதுங்கள். சண்டை வரும், வரட்டும். மெரினாவில் முழக்கமிடுவதைவிடச் சொந்த வீட்டு மாடிப்படியில் சாதியை எதிர்ப்பது கடினம். தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.