சிரட்டையைக் கவிழ்த்தாச்சா?

கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். வீடியோ எடுக்கப் போன நான், பத்தே நிமிடத்தில் போனைப் பையில் போட்டுவிட்டு காலைச் சொறிந்துகொண்டு நின்றேன். "பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விடுங்க தம்பி, இது பகல்லதான் கடிக்கும்" என்றார் பால் வெட்டும் அக்கா.

மரத்தில் கம்பி கட்டித் தொங்கிய சிரட்டையைச் சாய்த்துக் காட்டினார். பாதிக்கு மழைத்தண்ணீர். உள்ளே நெளிந்துகொண்டிருந்தன கொசுப் புழுக்கள்.

ரப்பர் தோட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு: பட்டையைச் சாய்வாகச் சீவினால் பால் வழியும். கீழே சிரட்டையோ பிளாஸ்டிக் கப்போ இருக்கும். மரத்துக்கு ஒன்று. ஒரு ஹெக்டேரில் சுமார் 400 முதல் 500 மரங்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டு நடக்கும் நாட்களில் பெரிய பிரச்னை இல்லை, கப்பில் பால்தான் இருக்கும். மழைக்காக வெட்டை நிறுத்தும்போதுதான் வினை. கவிழ்க்காமல் விட்ட கப்பில் தண்ணீர் தேங்கினால், ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்துவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரியும்.

இந்தக் கொசுவின் பெயர் ஏடிஸ் அல்போபிக்டஸ். நம் வீட்டுத் தொட்டியில் வளரும் ஏடிஸ் எஜிப்தியின் பங்காளி. நிழலும் ஈரமும் இருந்தால் போதும், டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்பும். 2007-ல் கேரளத்தின் ரப்பர் மாவட்டங்களான கோட்டயம், பத்தனம்திட்டாவை சிக்குன்குனியா புரட்டிப்போட்டது நினைவிருக்கிறதா? (நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அம்மாவுக்கு நினைவிருக்கிறது.) அங்கே பரவிய வைரஸில் நடந்திருந்த ஒரு சின்ன மாற்றம், இந்தக் கொசுவின் உடம்பில் அது சுலபமாகப் பெருக வழிசெய்தது.

சிக்குன்குனியா மூட்டைப் பிடிக்கும் நோய். பால் வெட்டுபவருக்கு மணிக்கட்டுதான் முதலீடு. விரல் வீங்கினால் கத்தியைப் பிடிக்க முடியாது. கத்தி பிடிக்காவிட்டால் கூலி கிடையாது.

தோட்டமும் கொசுவும் கைகோத்த கதை பழசு. மலேயாவில் ரப்பருக்காகக் காட்டை வெட்டியபோது, அதுவரை நிழலில் ஓடிய மலையோடைகளில் வெயில் விழுந்தது. அனாபிலிஸ் மாகுலேட்டஸ் கொசுவுக்கு வெயில்பட்ட ஓடைதான் இஷ்டம். மலேரியா பெருகியது. செத்தவர்களில் இங்கிருந்து கப்பலேறிய தமிழ்க் கூலிகள் ஏராளம். அங்கே மரம் போனதால் வந்தது, இங்கே மரத்தடியிலேயே வளர்கிறது. பாக்குத் தோட்டத்தில் உதிர்ந்த மட்டையும் அப்படித்தான், மழை பெய்தால் குட்டித் தொட்டி.

கப்பைக் கவிழ்க்க ஒரு நொடி போதும், ஆனால் கூலி வெட்டுக்குத்தானே தவிர கவிழ்ப்பதற்கு இல்லை. அந்த ஒரு நாள் கூலியைத் தோட்டக்காரர்கள் தனியாகக் கொடுப்பதுதான் நியாயம் என்பேன். 2011-ல் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை பிறகு சரிந்ததில், பலர் வெட்டையே நிறுத்திவிட்டார்கள். அந்த மரங்களில் கப் மட்டும் தொங்கும்.

"எங்க தோட்டத்துல நான் கவுத்திருவேன். பக்கத்துத் தோட்டக்காரர் வெளிநாட்டுல இருக்காரு" என்று வேலிக்கு அந்தப்பக்கம் கை காட்டினார் அக்கா. கண்ணுக்கெட்டும் தூரம் வரை சிரட்டைகள், எல்லாம் வானம் பார்த்தபடி.