அவ என்ன பண்ணிட்டு இருந்தா?

முதல்லயே ஒரு எச்சரிக்கை. இது வழக்கமான ஊர் சுத்தின பதிவு இல்ல. கடல், படகு, படம் எதுவும் கிடையாது. கொஞ்சம் கோவமான பதிவு. திட்டு வாங்கப் போற முதல் ஆளு நானேதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஏப்ரல் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. போர்ட் பிளேர்ல (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, வாயில இன்னும் பழைய பேர்தான் வருது) கோடை வந்தா தண்ணிக்கு முறை. தனிகாரி அணையில தண்ணி குறைஞ்சா குழாயில தினமும் வராது. வர்ற அன்னைக்கு டிரம், வாளி, அண்டா, குக்கர்னு வீட்டுல இருக்கற எல்லாத்துலயும் ரொப்பி வச்சிக்கணும். அன்னைக்கும் தங்கமணி ரொப்பி வச்சிட்டு சமைக்கப் போயிட்டாங்க. நான் ஹால்ல லேப்டாப்போட உக்காந்து ஆடிட்டுக்கு பதில் எழுதிக்கிட்டிருந்தேன். 14 மாசப் பையன் என் காலடியில ஒரு பிளாஸ்டிக் டப்பாவை உருட்டிக்கிட்டிருந்தான்.

டப்பா சத்தம் நின்னது என் காதுல விழல. அடுப்படியில இருந்த அவங்களுக்குத்தான் விழுந்துச்சு. "குட்டி எங்கங்க?"ன்னு கேட்டுக்கிட்டே ஓடினாங்க. பாத்ரூம் வாளிக்குள்ள தலைகீழா இருந்தான். காலு ரெண்டும்தான் வெளிய தெரிஞ்சுது.

நான் பண்ணினது என்ன தெரியுமா? சினிமாவுல பாத்த மாதிரி கால் ரெண்டையும் பிடிச்சு தலைகீழா தூக்கி ஆட்டினேன். கீழ் வீட்டு வங்காளி அம்மா, ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க, சத்தம் கேட்டு மேல வந்து என் கையில இருந்து பிடுங்கி தரையில படுக்க வச்சு வாயில ஊதினாங்க. நெஞ்சை அழுத்தினாங்க. மறுபடி ஊதினாங்க. இருமினான். அந்த இருமல் சத்தத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஆறு நாள் ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். இப்போ நல்லா இருக்கான். வீட்டுல வாய் ஓயாம பேசறது அவன்தான்.

சரி, இனிமேதான் விஷயம். அன்னைக்கு ராத்திரி தென்காசியில இருந்து அம்மா போன். முதல் கேள்வியே, "ஏல, அவ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தா?" அப்புறம் சித்தப்பா, அத்தை, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர் சம்சாரம். எல்லாருக்கும் அதே கேள்வி. பிள்ளைக்கு ரெண்டடி தள்ளி உக்காந்திருந்தவன் நான். என்னை ஒருத்தர் கூட கேக்கல. நானும் வாயைத் திறந்து சொல்லல. போன மாசம் ஊர்ல ஒரு கல்யாணத்துல அத்தை சிரிச்சிக்கிட்டே, "பாத்தும்மா, இவனையும் வாளிக்குள்ள விட்டுராத"ன்னாங்க. தங்கமணி தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டாங்க. அப்பவும் நான் பேசல. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

2019 தீபாவளி ஞாபகம் இருக்கா? அக்டோபர் 25ம் தேதி மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில 2 வயசு சுஜித், வீட்டுப் பக்கத்துல இருந்த பயன்படாத ஆழ்துளைக் கிணத்துல விழுந்தான். 29ம் தேதி சடலமாத்தான் எடுத்தாங்க. நாடே டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. அதை தூத்துக்குடியில ஒரு குடும்பம் பாத்துக்கிட்டிருந்தப்போ, அவங்க 2 வயசுப் பொண்ணு பாத்ரூம் தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப் போச்சு. ஊரெல்லாம் என்ன பேசுச்சு? "டிவி பாத்துக்கிட்டிருந்தாங்களாம்." அன்னைக்கு யாருங்க பாக்கல? நானும்தான் பாத்தேன். நம்ம வீட்டுல தொட்டியும் பிள்ளையும் ஒரே நேரத்துல சந்திக்கல, அவ்ளோதான் வித்தியாசம்.

வாளியில விழற பிள்ளை கத்தாது. தண்ணிய அடிச்சு சத்தம் போடாது. ஒரு வயசுப் பிள்ளைக்கு உடம்புல தலைதான் பாரம். எட்டிப் பாத்தா கவுந்துரும், திரும்பி எழும்ப கையில பலம் கிடையாது. தண்ணி நிறைஞ்ச வாளி சாயவும் சாயாது. கொஞ்ச நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுடும். உலக சுகாதார நிறுவனம் 2024ல விட்ட அறிக்கைப்படி, 2021ல மட்டும் உலகத்துல தண்ணியில மூழ்கி செத்தவங்க சுமார் 3 லட்சம் பேர். அதுல ஏறக்குறைய நாலுல ஒண்ணு 5 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க. இவ்வளவு அம்மாக்களும் பொறுப்பில்லாதவங்களா?

நான் பேங்க்ல இருக்கறவன், எனக்குத் தெரிஞ்ச கணக்கைச் சொல்றேன். பணப் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆளு கையில. ஒருத்தர் போட்ட என்ட்ரியை இன்னொருத்தர் சரி பாக்கணும். ஏன், நாங்க எல்லாம் திருடனுங்களா? இல்ல. மனுஷன்னா ஒரு நிமிஷம் அசருவான்னு பேங்குக்குத் தெரியும். "கவனமா இருங்க"ன்னு சர்க்குலர் விட்டுட்டு பெட்டகத்தைத் திறந்து போட்டா எங்க ஆடிட்டர் சும்மா விடுவாரா? வீட்டுல மட்டும் நாம அதைத்தான் செய்யறோம். கண்ட்ரோல் ஒண்ணும் கிடையாது, பொறுப்பு மட்டும் ஒரே ஒரு பொம்பளை தலையில. 2010லயே சுப்ரீம் கோர்ட் பயன்படாத போர்வெல்லை மூடுன்னுதான் சொல்லுச்சு, அம்மா ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லல.

ஊர்ல இருந்தா ஆச்சி இருப்பா, பக்கத்து வீட்டு அக்கா இருப்பா, திண்ணையில யாராவது ஒருத்தர் கண்ணு பிள்ளை மேல இருக்கும். தீவுக்கோ துபாய்க்கோ வந்த நமக்கு அந்தக் கண்ணு எல்லாம் போச்சு. அத்தனை கண்ணுக்கும் பதிலா அவங்க ஒருத்தர். வங்கதேசத்துல இதைப் புரிஞ்சுக்கிட்டு, அம்மாக்கள் வேலையா இருக்கற காலை 9 மணியில இருந்து 1 மணி வரைக்கும் 'ஆஞ்சல்'னு கிராமத்துக்கு கிராமம் பிள்ளை பாத்துக்கற இடம் வச்சாங்க. அங்க மூழ்கிச் சாகற பிள்ளைங்க எண்ணிக்கை கணிசமா குறைஞ்சுது. யாரும் தாய்மார்களுக்கு உபதேசம் பண்ணிக் குறைக்கல.

"வாளியில தண்ணி வைக்காதீங்க"ன்னு யாராவது சொல்ல வருவீங்க. தண்ணி முறையில வர்ற ஊர்ல அது நடக்காது சார். நடக்கறதைச் சொல்றேன். பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், பெரியவங்க கை மட்டும் எட்டற உயரத்துல ஒரு தாப்பாள். டிரம்முக்கு இறுக்கி மூடற மூடி. அப்புறம் கேஷ் ஒப்படைக்கற மாதிரி பிள்ளையை வாய் திறந்து ஒப்படைக்கணும்: "இப்போ நான் பாக்கறேன், நீ போ." சொன்னவன் லேப்டாப்பைத் தொடக்கூடாது. எங்க வீட்டுல தாப்பாளுக்கும் மூடிக்கும் சேர்த்து ஐநூறு ரூபா கூட ஆகல. ஆறு நாள் கழிச்சுத்தான் போட்டேன்.

தப்பித் தவறி நடந்துட்டா, பிள்ளையைத் தலைகீழா பிடிக்காதீங்க, வயித்தை அமுக்காதீங்க. நேரம் போயிரும், வாந்தி வந்தா அதுவும் நுரையீரலுக்குள்ள போயிரும். மூச்சு கொடுக்கவும் நெஞ்சை அழுத்தவும் இப்பவே கத்து வச்சுக்கோங்க, ரெண்டு பேருமே.

நேத்து ராத்திரி அம்மாவுக்கு நானே போன் பண்ணினேன். "அன்னைக்குப் பிள்ளை என் பக்கத்துலதாம்மா இருந்தான். பாக்காதது நான். கண்டுபிடிச்சது அவ"ன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "போனை அவகிட்ட குடுல"ன்னாங்க. குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு கேக்கல.

அடுத்த தடவை யார் வீட்டுலயாவது ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னு போன் வந்தா, "அவ என்ன பண்ணிட்டு இருந்தா?"ன்னு கேக்காதீங்க. "நான் என்ன செய்யணும், சொல்லு"ன்னு கேளுங்க.