விதியா? குடியா?

மோட்டார் சைக்கிளில் போன ஒரு வாலிபன் இரவு பதினொரு மணிக்கு நின்று கொண்டிருந்த லாரியின் மேல் மோதிச் செத்துப் போனால், மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் என்ன பேசப்படுகின்றது என்பதைச் சற்று கவனிக்க வேண்டுகிறோம். “அவன் ஆயுசு அவ்வளவுதான்” என்கிறார் ஒருவர். “ஏழரைச் சனி, பரிகாரம் செய்யாமல் விட்டு விட்டார்கள்” என்கிறார் மற்றொருவர். கலியாணமாகி ஆறு மாதங்கூட ஆகாத பெண் அவனுக்கு மனைவியாய் வாய்த்திருந்தாலோ, “எல்லாம் இவள் கால் வைத்த ராசி” என்று பழி முழுவதும் அவள் தலையிலேயே சுமத்தப்பட்டு விடுகின்றது. அவன் குடித்துவிட்டு வண்டி ஏறினான் என்பது மாத்திரம் ஒருவர் வாயிலிருந்தும் வருவதில்லை. வந்தாலும், “செத்தவனைப் பற்றி இப்படிப் பேசலாமா?” என்று அடக்கப்பட்டு விடுகின்றது.

செத்தவனுக்கு மரியாதை, கிரகத்திற்குப் பூசை, ஒன்றுமறியாத பெண்ணுக்குப் பழி! இதுதான் விதியை நம்புவதால் நாம் கண்ட பலன். காரணத்தை மூடி வைத்து விட்டதால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே அவனுடைய சிநேகிதர்கள் அதே கடையில் குடித்துவிட்டு, அதே ரோட்டில் வண்டி ஓட்டப் போய்விடுகின்றார்கள்.

குடியைப் பற்றி ஒரு சாரார் சொல்லும் சமாதானமும் நமக்குத் தெரியாமல் இல்லை. “என் காசு, என் உடம்பு, நான் குடிக்கிறேன், உனக்கென்ன?” என்கிறார்கள். ஒரு பேச்சுக்கு அதை ஒப்புக் கொள்ளுவோம். ஆனால் ரோடு உன் உடம்பா? எதிரில் பால் கேனுடன் சைக்கிளில் வருகிறவன் உன் உடம்பா? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கிறவனோடு அவன் ஈரலைப் பற்றி மாத்திரம் வாதம் செய்யலாம். வண்டிச் சாவியைக் கையில் எடுத்தவனோ, தன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும் யோக்கியதையையே இழந்து விடுகிறான்.

“நான் எவ்வளவு குடித்தாலும் நிதானமாய் ஓட்டுவேன்” என்பது இன்னொரு வாதம். மது முதலில் கெடுப்பது கையையோ காலையோ அல்ல; தன்னால் எது முடியும், எது முடியாது என்று தீர்மானிக்கிற அறிவையேயாகும். ஆகவே நிதானம் கெட்டவனிடம் நிதானத்தைப் பற்றிச் சாட்சி கேட்பது, திருடனிடமே திருட்டு நடந்ததா என்று கேட்பது போலாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தாண்டி விடுகின்றது. கண் கண்டதைக் கால் உணர்ந்து பிரேக்கை மிதிக்க அரை வினாடி தாமதமானாலே, எட்டு மீட்டர் தூரத்துக்குள் நிற்கிற எந்தக் குழந்தைக்கும் உயிர் இல்லை.

புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் ஆபத்து வராது என்பது நம்மவர்களின் நம்பிக்கை. குடித்த பிறகு அதே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்தால் போதை இறங்கிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இரண்டும் ஒரே தரத்தவைதான். மோர், கறுப்புக் காப்பி, தலைக்குத் தண்ணீர் ஆகிய எதுவும் இரத்தத்திலுள்ள மதுவை வெளியேற்றுவதில்லை. ஈரல்தான் அதைக் கரைக்க வேண்டும். அதுவும் சராசரியாக மணிக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 15 மில்லிகிராம் வீதந்தான் கரைக்கும். நடு இரவில் 150 மில்லிகிராம் இருந்தவனுக்குக் காலை ஆறு மணிக்கு இன்னும் 60 மிச்சமிருக்கும். சட்டம் அனுமதிக்கும் அளவோ 30. ஆகையால் இரவு குடித்துவிட்டுத் தூங்கி, பல் துலக்கி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு பள்ளிக்கூட வேனை ஓட்ட வருகிறவனும் குடிகாரனாகவே வருகிறான் என்பதைப் பெற்றோர்கள் உணர வேண்டும்.

நிற்க, மும்பையில் 2006-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஒரு வாலிபன் குடித்துவிட்டு ஓட்டிய கார், நடைபாதையில் தூங்கிக் கொண்டிருந்த கூலியாட்கள் மேல் ஏறி ஏழு பேரைக் கொன்றது. முதல் கோர்ட்டு விதித்த தண்டனை ஆறு மாதம். ஹைகோர்ட்டு அதை மூன்று வருஷமாக்கிற்று. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்து, இது வெறும் அஜாக்கிரதையல்ல, உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்த குற்றம் என்று கருதிற்று. ஏழு ஏழைகளின் உயிருக்கு மூன்று வருஷம் போதுமா என்பது ஒருபுறமிருக்க, “தெரிந்தே செய்தது” என்ற அந்த ஒரு சொல்லாவது விதியின் முகமூடியைக் கிழித்தது என்று மகிழ்ச்சியடைகின்றோம்.

சர்க்காரின் யோக்கியதையையும் சற்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 1983-ல் ஏற்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகின்றது. கடையில் விற்பதும் சர்க்கார். அடுத்த முனையில் ஊதச் சொல்லி 10,000 ரூபாய் அபராதம் போடுவதும் சர்க்கார். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. உடனே சில ராஜ்யங்கள் நகரங்களுக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளுக்கு நகரச் சாலைகள் என்று பெயரை மாற்றிக் கொண்டன! அடுத்த வருஷமே கோர்ட்டும் நகர எல்லைகளுக்கு விலக்குக் கொடுத்து விட்டது. ரோட்டின் பெயர் மாறியதால் லாரி மெதுவாக மோதுமா என்று கேட்கின்றோம்.

ஆனால் சர்க்காரைக் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 188-வது பிரிவின்படி, குடித்துவிட்டு ஓட்டுவதற்கு உடந்தையாயிருப்பவனுக்கும் ஓட்டியவனுக்குரிய அதே தண்டனை உண்டு. பின்னால் உட்காருகிறவனும், சாவியை எடுத்துக் கொடுக்கிற சிநேகிதனும், கலியாண விருந்தில் ஊற்றிக் கொடுத்து விட்டு “பார்த்துப் போ” என்று வழியனுப்புகிற மாமனும் இதை யோசிக்கட்டும். சாவியைப் பிடுங்கிக்கொண்டால் மாப்பிள்ளைக்குக் கோபம் வருமே என்று பயப்படுகிறவர்கள், அக்கோபம் காலையில் தெளிந்துவிடும் என்பதையும், மகளின் நிலைமை அப்படித் தெளியக் கூடியதல்ல என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே வாசகர்களை நாம் கேட்டுக்கொள்ளுவது என்னவென்றால், குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள். குடிப்பவர்கள் அன்று முழுவதும் வண்டியைத் தொடாதேயுங்கள். ஆட்டோவிலோ பஸ்ஸிலோ வீடு போய்ச் சேருங்கள். அதற்கும் மீறி ஒருவன் குடித்துவிட்டு ஓட்டிச் செத்தால், அவன் வீட்டு வாசலில் நின்று கொண்டு, “இது விதியல்ல, சனியல்ல, இந்தப் பெண்ணின் கால் ராசியுமல்ல, இவனைக் குடிதான் கொன்றது” என்று ஒருவராவது உரக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய உதவி அன்றைக்கு வேறு இல்லை.