குட்டிகள் யாருடையவை?

இந்திய நகரங்களின் குடியிருப்பு நலச்சங்கக் கூட்டங்களில் தண்ணீருக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அடுத்தபடியாகப் பெரும் சச்சரவை எழுப்பும் பொருள் தெருநாய். ஒருபுறம் சோறு வைப்போர். மறுபுறம் அதைத் தடுக்க முனைவோர். வாக்குவாதம் கைகலப்பாகிக் காவல் நிலையம் வரை செல்வதும் உண்டு. ஆயினும் மதிற்சுவரின் ஓரத்திலும், கட்டி முடியாத வீட்டின் மணற்குவியலிலும் ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகளைப் பற்றி இரு தரப்பாரும் பேசுவதில்லை. இப்பூசலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, தில்லியிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களுக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடலாகாது. கண்ட இடத்தில் உணவிடாமல், அதற்கென வார்டுதோறும் இடம் ஒதுக்க வேண்டும் என்றது. இவ்வாணைகளை ஒட்டி நாடெங்கும் எழுந்த விவாதம், நாய் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றியே நடந்தது. அடுத்த ஆண்டு எத்தனை நாய்கள் பிறக்கும் என்னும் கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

சட்டத்தின் சொல்லாட்சியில் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. 2001ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள் நாய்களை வளர்ப்பு நாய், தெருநாய் என இரண்டாகப் பகுத்தன. 2023ஆம் ஆண்டின் விதிகள் ‘தெருநாய்’ என்பதன் இடத்தில் ‘சமூக விலங்கு’ என்னும் தொடரைக் கொண்டுவந்தன. ஒரு சமூகத்தில் பிறந்து, எவரும் உரிமை கோராத விலங்கு என்பது அதன் பொருள். தெரு என்பது இடத்தைக் குறிக்கும் சொல். சமூகம் என்பது மனிதரைக் குறிக்கும் சொல். பெயர் மாறியபோது பொறுப்பும் சற்றே இடம் மாறியது. உணவிடும் இடத்தையும் நேரத்தையும் ஏற்பாடு செய்வது நலச்சங்கத்தின் கடமை என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. நடைமுறையிலோ ‘சமூகம்’ என்பது பக்கத்து வீட்டுக்காரரையே குறிக்கிறது. நாய் கடித்தால் அது சோறு போட்டவருடைய நாய். குட்டி போட்டால் அது மாநகராட்சியின் நாய்.

ஒரு பெட்டை ஏறத்தாழ 63 நாள் சினையில் நான்கு முதல் ஆறு குட்டிகளை ஈனும். ஓராண்டு நிறையுமுன்பே அக்குட்டிகளும் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிவிடும். குட்டிகள் தழைத்து வாழ்கின்றன என்றும் சொல்ல இயலாது. மேற்கு வங்கத்தில் 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இனப்பெருக்க வயதை எட்டியவை ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு மனிதரே ஏதோ ஒரு வகையில் காரணம். சக்கரத்தில் நசுங்கியும், நஞ்சுண்டும், அடிபட்டும், எவரோ தூக்கிச் சென்றும் மறைபவை அவை. ஆக, கருத்தடையைத் தள்ளிப்போடும் கருணை அக்குட்டிகளுக்கு நன்மை செய்வதில்லை.

அச்சத்தையும் எள்ளி நகையாடலாகாது. 2024இல் நாட்டில் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கும் மேற்பட்டவை. வெறிநோய் முற்றியபின் அதற்கு மருத்துவம் இல்லை. கடிபடுவோரில் பலர் கூட்டங்களில் பேச அழைக்கப்படாதவர்கள்: விடியலில் தெருக்கூட்டுபவர், இரவில் உணவு கொண்டுவரும் இளைஞர், நடைபாதையில் உறங்குபவர், தனியே விளையாடும் குழந்தை. ஈன்ற பெட்டை தன் குட்டிகளை நெருங்குவோர்மீது பாய்வது இயல்பு. அதை வெறி என்று அஞ்சும் தெரு, குட்டிகளைச் சாக்கில் கட்டி வேறோரிடத்தில் எறிகிறது. அந்தத் தெருவிலோ புதிய பூசல் தொடங்குகிறது.

இங்கே இரு தரப்பும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. கருத்தடைக்கு நாயைப் பிடிக்க வேண்டும். நம்பும் கைக்கே நாய் வரும். ஒரு தெருவில் எத்தனை பெட்டைகள் உள்ளன, எதற்குக் காதில் வெட்டு இல்லை, எது சினையாக இருக்கிறது என்பவற்றை அறிந்தவர் சோறு வைப்பவரே. அவரை விரட்டும் சங்கம், தன் தெருவின் நாய்களைப் பிடித்துத் தரக்கூடிய ஒரே ஆளையும் விரட்டிவிடுகிறது. அதே வேளையில், நாள்தோறும் சோறு வைத்துவிட்டுப் பெட்டையைப் பிடித்துக்கொடுக்க மறுப்பவர், தம் கடமையில் பாதியையே செய்கிறார். உணவிடும் உரிமையைக் கோருவோர், கருத்தடைக்குத் துணைநிற்கும் கடமையையும் ஏற்பதே முறை.

பூசலுக்குள் வராமல் தப்பிவிடும் மூன்றாம் தரப்பும் உண்டு. வீட்டு நாய் ஈன்ற குட்டிகளில் ஆண்களைக் கேட்டு வாங்குவோர் பலர். பெட்டைகளைக் கேட்போர் சிலரே. எஞ்சியவை தெருமுனைக்கு வருகின்றன. பட்டினி கிடந்து வருந்தும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதன்முறைக்கான அபராதமோ 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு தேநீர்க் கடையின் ஒருநாள் கணக்குக்கும் கீழான இத்தொகை எவரை அச்சுறுத்தும்?

ஆகவே சங்கங்கள் முதலில் எழுத வேண்டியது தடை அறிவிப்புப் பலகை அன்று, ஒரு பதிவேடு. தெருவில் உள்ள பெட்டைகள் எத்தனை, கருத்தடை ஆனவை எத்தனை, தடுப்பூசி போட்ட நாள் எது, வீட்டு நாய் ஈன்ற குட்டிகள் எங்கே போயின என்று அதில் எழுதட்டும். அந்தப் பதிவேட்டோடு சென்றால் மாநகராட்சியிடம் கேட்க ஒரு கேள்வியும், அளக்க ஓர் அளவுகோலும் இருக்கும். தெருவின் நாய்களுள் பெரும்பாலானவற்றைக் குறுகிய காலத்தில் கருத்தடை செய்தாலொழிய எண்ணிக்கை குறையாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று என்று பிடித்தால், அடுத்த ஈற்றே அதை ஈடுசெய்துவிடும்.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. முன்னது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். பின்னது அவரை வெளியே நிறுத்தும். தில்லியின் இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ என்னும் ஒரே சொல்தான். அங்கே ஒரு கூட்டத்தில் “ஹமாரி கலி” என்று ஒருவர் சொன்னால், அது ‘நம் தெரு’வா ‘எங்கள் தெரு’வா என்பதை அவர் அடுத்துச் செய்யும் செயலைக் கொண்டே அறிய முடியும். குட்டிகள் பிறந்த மறுவாரம் சாக்கு வருகிறதா, பதிவேடு வருகிறதா என்பதில் அந்த விடை தெரிந்துவிடும்.