உங்கள் உள்ளங்கை வழியாகப் போகும் மியூவான்



மும்பையில் மாட்டுங்கா தாண்டி ஸ்லோ லோக்கலில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் 60-இல் வரும் ஃபாஸ்ட் வண்டி, நம் கண்ணுக்கு 20-இல்தான் நம்மைக் கடக்கும். வேகம் பார்ப்பவரைப் பொறுத்தது. கலிலியோ காலத்திலேயே தெரிந்த விஷயம். ஒளி மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. துரத்திப் போனாலும் எதிரே ஓடினாலும் அது நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர்தான். ஒளி விட்டுக்கொடுக்காததால் நேரமும் தூரமும் விட்டுக்கொடுக்கின்றன என்று 1905-இல் சொன்னார் ஐன்ஸ்டைன்.

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஹோமி பாபா. செம்பூர்க்காரர்களுக்கு பாபா என்றால் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம்தான் நினைவுக்கு வரும். அதற்கெல்லாம் வெகு முன்பே, 1938-இல், கேம்பிரிட்ஜில் இருந்த அந்த 28 வயது பம்பாய் இளைஞர் 'நேச்சர்' இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். காஸ்மிக் கதிர்களில் வரும் கனத்த துகள் தானாகவே சிதையுமென்றால், அதையே ஒரு கடிகாரமாகக் கொள்ளலாம்; வேகமாக ஓடும்போது அதன் ஆயுள் நீள வேண்டும் என்றார். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் இயற்பியலாளர்கள் ரோசியும் ஹாலும் அளந்து பார்த்து, 1941-இல் அதை உறுதிசெய்தார்கள்.

அந்தத் துகளுக்கு இன்று மியூவான் என்று பெயர். ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். மியூவான் பிறப்பதோ ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில். ஆனாலும் தரைக்கு வந்து சேர்கிறது! ஒளியின் வேகத்தில் 99.95 விழுக்காட்டில் வரும் மியூவானின் ஆயுள், நம் கடிகாரப்படி 30 மடங்குக்கு மேல் நீள்கிறது. மியூவானின் பக்கமிருந்து பார்த்தால் அதன் ஆயுள் அதேதான். அந்த 15 கிலோமீட்டர்தான் அரை கிலோமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. தாராவியின் மாடியறையில் இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் கையிலும், சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் மியூவான்கள் பாய்கின்றன.

பாபா 1945-இல் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கொலாபாவில் இருக்கிறது; அதன் கிரேப்ஸ்-3 ஆய்வகம் ஊட்டியில் இன்றும் மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பரில் ஊட்டி மேல் திரண்ட இடிமேகத்தின் மின்னழுத்தத்தை, 130 கோடி வோல்ட் என்று அவற்றைக் கொண்டே கணித்தார்கள்.

கொலாபாவிலோ ஊட்டியிலோ டிராம்பேயிலோ வேலை பார்த்தவர்கள் நம் வாசகர்களில் இருப்பீர்கள். நீங்கள் கையாண்ட கருவிகளைப் பற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரிகிற தமிழில் எழுதி அனுப்புங்கள். அவசியம் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்