பட்டி முழுவதற்கும் மருந்து. வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டுமா?

மழைக்கு முன்பாக ஆட்டுப்பட்டிக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கிறோம். குட்டிகளுக்கு மட்டும் ஊற்றிவிட்டுத் தாய் ஆடுகளை அப்படியே விடுகிற விவசாயியை நான் பார்த்ததில்லை. தாய் ஆட்டின் புழுக்கையோடு முட்டைகள் மேய்ச்சல் நிலத்தில் விழுந்துகொண்டே இருந்தால், குட்டிக்குக் கொடுத்த மருந்து வீண் என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

மனிதர்களுக்கான திட்டத்தில் இந்தக் கணக்கு பாதிதான் இருக்கிறது. 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில், 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். இரண்டு வயது வரை 200 மி.கி., அதற்கு மேல் 400 மி.கி. தமிழகத்தில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் நீங்கலாக 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு. நல்ல திட்டம்தான். உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பிள்ளைகளிடம்தான் அதிகம்.

ஆனால் கொக்கிப்புழு அப்படியல்ல. வயது ஏற ஏற அதுவும் கூடும். வயலில் மலம் கழித்தால் அதிலுள்ள முட்டைகள், ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரித்துவிடும். ஐந்து முதல் பத்து நாட்களில் தோலைத் துளைக்கும் பருவத்தை எட்டிவிடும். பிறகு அங்கே வெறுங்காலோடு வரும் ஒருவர் போதும். கால் விரல் இடுக்கில் அரிப்பு, பின்பு நுரையீரல் வழியாகக் குடல். நம் பகுதியில் அதிகம் காணப்படும் வகையில், ஒரு புழு ஒரு நாளில் எடுக்கும் ரத்தம் ஒரு சொட்டுக்கும் குறைவு. நூறு புழுக்கள் பல மாதம் குடித்தால் என்ன ஆகும் என்பதை, நான்கு வரிசை களை எடுப்பதற்குள் மூச்சு வாங்கி வரப்பில் உட்காரும் பெண்களிடம் பார்க்கலாம். "சோம்பேறித்தனம்" என்று நாம் சொல்வது சில நேரம் ரத்தசோகை.

வேலூர் பக்கம் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் 2017 முதல் நடந்த பெரிய ஆய்வில், அங்கே பெரும்பாலும் இருப்பது கொக்கிப்புழுதான் என்றும் பெரியவர்களிடமே அதிகம் என்றும் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளோடு நிறுத்தாமல் ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு இருமுறை மாத்திரை கொடுத்தால் பரவலை நிறுத்த முடியுமா என்பதே அந்த ஆய்வின் கேள்வி. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் இதே ஆய்வு நடந்தது.

மாத்திரையை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் மாத்திரை மட்டும் போதாது. 1916இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து குடித்த தமிழ்த் தொழிலாளர்கள், கழிப்பறை இல்லாத லயன்களுக்கே திரும்பினார்கள். புழுவும் திரும்பியது. இன்னொரு எச்சரிக்கை ஆட்டிலிருந்தே வருகிறது: ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்ததால், இதே அல்பெண்டசோலுக்குச் சாகாத புழுக்கள் ஆடுகளில் பல இடங்களில் வந்துவிட்டன. ஒரே மருந்தை நம்பினால் மனிதரிலும் இது நடக்காது என்று யார் உறுதி தருவது?

ஆகவே சுகாதாரத் துறையின் வேலையில் ஒரு பங்கு நம்முடையது. வீட்டில் கழிப்பறை வந்துவிட்டது, வயலில் வரவில்லை. காலை ஏழு மணிக்கு நடவுக்கு வரும் பெண்கள் மாலை வரை எங்கே போவார்கள்? பம்புசெட் கொட்டகையை ஒட்டி ஒரு இரட்டைக்குழிக் கழிப்பறை கட்டுவது, சொட்டுநீர்க் குழாய் போடுவதைப் போலப் பண்ணைச் செலவுதான். சேற்றில் நடவு செய்பவருக்குச் செருப்பு உதவாது. ஆனால் களை எடுப்பு, காய் பறிப்பு, தோப்பு வேலைக்கு உதவும்.

அடுத்தது செப்டிக் டேங்க் லாரி. பணம் வாங்காமல் உரம் கிடைக்கிறது என்று தோப்பில் கொட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொக்கிப்புழுக் குஞ்சுகள் வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். உருண்டைப்புழு முட்டை ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஒன்றரை, இரண்டு ஆண்டு மூடிக் கிடந்த குழியின் மக்கிய உரம் வேறு. அன்று அள்ளிய கழிவு வேறு. பச்சைக் கழிவைக் கீரைப் பாத்திக்கும் காய்கறிக்கும் கிட்டேயே விடக் கூடாது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு: உங்கள் வட்டாரத்தில் உழவர் கூட்டம் நடத்தும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியரையும் அழையுங்கள். தொடர்ந்து சோர்வு, மூச்சுவாங்கல், வெளிறிய நகம் உள்ளவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தமும் மலமும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை போடக் கூடாது. ஆட்டுக்கு வாங்கிய பாட்டிலில் மீதி இருக்கிறதே என்று யாரும் அதைக் குடிக்கவும் வேண்டாம்.